கொங்கு மண்ணில் புதைந்த ரோமாபுரி ராஜா

சோமனூரில் இருந்து மேற்கே போனால் வெள்ளலூர். கிழக்கே போனால் ஊத்துக்குளிப் பக்கம் கத்தாங்கண்ணி. இரண்டுமே நொய்யல் பாயும் ஊர்கள்.

இந்த இரண்டு ஊர்களிலும் மண்ணுக்குள்ளே ஒரு ராஜாவின் முகம் புதைந்து கிடந்தது. அவன் சேரன் அல்ல. சோழன் அல்ல. பாண்டியனும் அல்ல. கடலுக்கு அப்பால், பல ஆயிரம் மைல் தொலைவில், ரோமாபுரியில் இருந்து ஆண்ட சக்கரவர்த்தி அவன். பெயர் திபேரியஸ்.

வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டு வாக்கில் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1891-லும் 1931-லும் அதே ஊரில் மறுபடியும் காசுகள் கிடைத்தன. கத்தாங்கண்ணியில் 1913-ல் 233 காசுகள் வெளிப்பட்டன. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1946-ல் 1,300-க்கும் மேற்பட்ட காசுகள் அகப்பட்டன.

எல்லாம் வெள்ளி. எல்லாம் ரோமாபுரிக் காசு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டு பேர் முகம் போட்டவை. ஒருவன் அகஸ்டஸ் சக்கரவர்த்தி. மற்றவன் அவனுக்குப் பின் பட்டத்துக்கு வந்த திபேரியஸ்.

ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்டது இந்தத் திபேரியஸ் காலத்தில்தான். சீசருக்கு வரி கொடுக்கலாமா, கூடாதா என்று கேட்டவர்களிடம் ஏசுநாதர் ஒரு காசைக் கொண்டுவரச் சொன்னதாக பைபிளில் வருகிறது அல்லவா? அது திபேரியஸ் முகம் போட்ட வெள்ளிக் காசாகவே இருக்கும் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

உலகம் அறிந்த அந்தக் காசு நம் ஊர் மண்ணுக்கு எப்படி வந்தது? அதில் முகம் காட்டும் மன்னன் எப்படி வாழ்ந்தான்?

சுத்தியல் அடித்த காசு

அந்தக் காசுக்குத் தினாரியஸ் என்று பெயர். எடை சுமார் 3.8 கிராம். அதாவது, அரைப் பவுனுக்குச் சற்றே குறைவு. கலப்படம் அனேகமாக இல்லாத நல்ல வெள்ளி.

இந்தக் காலத்து நாணயம் எந்திரத்தில் அச்சாகிறது. ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு காசையும் கையால் அடித்தார்கள்.

முதலில் வெள்ளியை உருக்கி, எடை பார்த்து, சிறு சிறு வில்லைகளாகச் செய்வார்கள். பட்டடையில் ஓர் இரும்பு அச்சு பதித்திருக்கும். அதில் ராஜாவின் முகம் குழிவாக வெட்டப்பட்டிருக்கும். வெள்ளி வில்லையைச் சூடாக்கி அதன் மேல் வைப்பார்கள். வில்லைக்கு மேலே இன்னோர் அச்சை நிறுத்திப் பிடிப்பார்கள். ஓங்கி ஒரு சுத்தியல் அடி! கீழ்ப்பக்கம் முகமும் மேல்பக்கம் வேறோர் உருவமும் பதிந்துவிடும்.

அடி சற்றுச் சாய்ந்தால் முகம் ஓரமாகப் போய்விடும். வட்டமும் கோணலாகும். ஆனால் எடை மட்டும் தவறாது.

இந்தக் காசுகளில் பெரும்பாலானவை இன்றைய பிரான்சு நாட்டில் உள்ள லியான் நகரத்து நாணயச் சாலையில் அடிக்கப்பட்டவை.

ஒரு தினாரியசுக்கு என்ன மதிப்பு? ரோமாபுரிப் படையில் ஒரு சிப்பாய்க்கு வருடச் சம்பளமே 225 தினாரியஸ்தான். கத்தாங்கண்ணியில் கிடைத்தவை 233. ஒரு சிப்பாய் ஒரு வருடம் முழுவதும் கத்தி பிடித்துச் சம்பாதித்த பணத்தைவிட அதிகம்!

ஓடி ஒளிந்த குழந்தை

திபேரியஸ் கி.மு. 42-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி ரோமாபுரியில் பிறந்தான். தாயின் பெயர் லிவியா. பெரிய குடும்பம்தான். ஆனால் பிறந்த நேரம் கெட்ட நேரம்.

ஜூலியஸ் சீசர் கொலையுண்டு அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நாட்டில் உள்நாட்டுச் சண்டை. சீசரின் வாரிசான ஆக்டேவியன் ஒரு பக்கம். அவனுக்கு எதிரிகள் இன்னொரு பக்கம். திபேரியசின் தந்தை எதிரிகள் பக்கம் சேர்ந்தார். அந்தப் பக்கம் தோற்றது.

கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் ஊர் ஊராக ஓடினார்கள். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் ரகசியமாகப் படகு ஏறப் போனபோது குழந்தை அழுதுவிட்டது. அந்த அழுகுரல் அவர்களைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. கிரேக்க நாட்டில் ஒரு காட்டு வழியே இரவில் போனபோது காடு தீப்பற்றியது. லிவியாவின் உடையும் கூந்தலும் கருகின. உயிர் பிழைத்ததே பெரிய காரியம்.

பிறகு சமாதானம் ஏற்பட்டது. குடும்பம் ரோமாபுரிக்குத் திரும்பியது.

அங்கே ஒரு விபரீதம். லிவியாவைக் கண்டு ஆக்டேவியன் மயங்கினான். அப்போது அவள் வயிற்றில் இரண்டாவது குழந்தை. ஆக்டேவியன் தன் மனைவியைத் தள்ளிவைத்தான். லிவியாவும் கணவனை விட்டு விலகினாள். கி.மு. 38-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. யாருக்குப் பயந்து ஓடினாளோ, அவனுக்கே அவள் மனைவி ஆனாள்!

திபேரியசுக்கு ஒன்பது வயது நடந்தபோது தந்தை இறந்தார். மக்கள் கூடிய சபையில் நின்று, தந்தைக்கு இரங்கல் உரை சொன்னது அந்தச் சிறுவன்தான்.

ஆக்டேவியன் பகைவர்களை எல்லாம் வென்றான். கி.மு. 27-ல் அகஸ்டஸ் என்ற பட்டம் பெற்று ரோமாபுரியின் முதல் சக்கரவர்த்தி ஆனான். அவன் வீட்டில் மாற்றாந் தகப்பனின் நிழலில் திபேரியஸ் வளர்ந்தான்.

பிரித்த கை

திபேரியஸ் வளர்ந்து நல்ல போர்வீரன் ஆனான். அதிகம் பேச மாட்டான். சிரிக்கவும் மாட்டான்.

அவனுக்கு விப்சானியா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அகஸ்டசின் உயிர் நண்பனும் சேனாதிபதியுமான அக்ரிப்பாவின் மகள் அவள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள். ஓர் ஆண் குழந்தையும் பிறந்தது. பெயர் துரூசஸ்.

கி.மு. 12-ல் அக்ரிப்பா இறந்துபோனான். அக்ரிப்பாவின் மூன்றாவது மனைவி வேறு யாரும் அல்ல. அகஸ்டசின் சொந்த மகள் ஜூலியா. இப்போது அவள் விதவை. அவளுக்கு அகஸ்டஸ் ஒரு மாப்பிள்ளை தேடினான். அவன் கண் திபேரியஸ் மேல் விழுந்தது.

விப்சானியாவை விட்டுவிட்டு ஜூலியாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. அப்போது விப்சானியா கர்ப்பிணி. என்ன செய்வது? சக்கரவர்த்தியின் சொல்லை மீற முடியாது. திபேரியஸ் பணிந்தான்.

அதன்பின் ஒரு நாள் தெருவில் தற்செயலாக விப்சானியாவைப் பார்த்துவிட்டான். பார்த்த இடத்திலேயே கண்ணீர் பெருகியது. அழுதுகொண்டே அவள் பின்னால் போனான். இது அரண்மனைக்குத் தெரிந்தது. இனி அவள் அவன் கண்ணிலேயே படாதபடி ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

அவனுக்கு ஆறுதலாக இருந்தவன் தம்பி ஒருவன்தான். அவன் பெயரும் துரூசஸ்தான். கி.மு. 9-ல் ஜெர்மனிப் போரின்போது தம்பி குதிரையில் இருந்து விழுந்து அடிபட்டான். செய்தி கேட்ட திபேரியஸ் இரவு பகல் பாராமல் குதிரை மேல் பறந்தான். ஒரே நாளில் 200 மைல் போனதாக எழுதி வைத்திருக்கிறார்கள். தம்பியின் உயிர் போகும் நேரத்தில் பக்கத்தில் இருந்தான். பிறகு பிணத்துக்கு முன்னால் கால்நடையாகவே ரோமாபுரி வரை வந்தான்.

காசில் நின்ற இரண்டு பையன்கள்

நம் மண்ணில் கிடைத்த அகஸ்டஸ் காசைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள். இருவருக்கும் நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் தெரியும்.

யார் இந்தப் பையன்கள்? மூத்தவன் காயஸ். இளையவன் லூசியஸ். அக்ரிப்பாவுக்கும் ஜூலியாவுக்கும் பிறந்தவர்கள்; அகஸ்டசின் பேரப்பிள்ளைகள். தனக்குப் பின் பட்டம் இவர்களுக்குத்தான் என்று அகஸ்டஸ் முடிவு செய்திருந்தான். பேரன்களைச் சுவீகாரப் பிள்ளைகளாகவே எடுத்துக்கொண்டான். அவர்களின் உருவத்தை வெள்ளியில் அடித்து உலகம் முழுவதும் அனுப்பினான்.

திபேரியசுக்கு நிலைமை புரிந்தது. போர் வந்தால் அவன் வேண்டும். பட்டம் என்றால் வேறு ஆள். மனைவி ஜூலியாவோடும் வாழ்க்கை சரிப்படவில்லை. கி.மு. 6-ல், தன் 36-வது வயதில், எல்லாவற்றையும் உதறிவிட்டு ரோட்ஸ் என்ற தீவுக்குப் போய்விட்டான். தாய் கெஞ்சினாள். அகஸ்டஸ் தடுத்தான். அவன் கேட்கவில்லை.

கோபம் தீர்ந்து திரும்பலாம் என்று நினைத்தபோது அகஸ்டஸ் அனுமதிக்கவில்லை. போனவன் போனவனாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். ஏழெட்டு ஆண்டுகள் அந்தத் தீவிலேயே கழிந்தன. கடைசியில் கி.பி. 2-ல்தான் ஊர் திரும்ப முடிந்தது.

விதி வேறு கணக்குப் போட்டிருந்தது. அதே ஆண்டு லூசியஸ் இறந்தான். இரண்டு ஆண்டுகளில் காயசும் இறந்தான். பட்டத்துக்கு என்று வைத்திருந்த இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். வேறு வழி இல்லாமல் கி.பி. 4-ல் திபேரியசை அகஸ்டஸ் சுவீகாரம் எடுத்தான்.

தள்ளாத வயதில் பட்டம்

சுவீகாரப் பிள்ளை சும்மா இருக்கவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் பெரிய கலகம் மூண்டது. மூன்று ஆண்டுகள் போராடி அதை அடக்கினான். கி.பி. 9-ல் ஜெர்மனிக் காட்டில் மூன்று ரோமாபுரிப் படைகள் அடியோடு அழிந்தன. எதிரிகள் உள்ளே புகாமல் எல்லையைக் காத்தவன் திபேரியஸ்தான்.

கி.பி. 14 ஆகஸ்டு 19-ந் தேதி அகஸ்டஸ் இறந்தான். திபேரியஸ் சக்கரவர்த்தி ஆனான். அப்போது அவனுக்கு 55 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டத்தை ஏற்கத் தயங்கினான். உண்மையிலேயே தயங்கினானா, பாசாங்கு செய்தானா என்று சபையில் இருந்தவர்களுக்கே புரியவில்லை.

அவன் பேரில் புதுக் காசு அடிக்கப்பட்டது. முன்பக்கம் அவன் முகம். தெய்வமாகிவிட்ட அகஸ்டசின் மகன் திபேரியஸ் என்று சுற்றிலும் எழுத்து. பின்பக்கம், நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண். அவள் கையில் செங்கோலும் ஒரு கிளையும். அது அவன் தாய் லிவியாவே என்று பலர் சொல்கிறார்கள்.

சிக்கனக்காரச் சக்கரவர்த்தி

ஆட்சியின் முதல் ஆண்டுகள் நல்ல ஆண்டுகள். தனக்குக் கோவில் கட்ட வேண்டாம் என்று பல இடங்களில் தடுத்தான். வீண் போர்களுக்குப் போகவில்லை. கேளிக்கைகளுக்குப் பொக்கிஷத்தை இறைக்கவில்லை.

எகிப்து நாட்டு அதிகாரி ஒருவன், நிர்ணயித்ததைவிட அதிக வரியை வசூல் செய்து அனுப்பினான். சக்கரவர்த்தி பாராட்டுவார் என்று நினைத்தான். பாராட்டு வரவில்லை, கண்டனம்தான் வந்தது. ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கலாம்; தோலை உரிக்கக் கூடாது என்பது திபேரியசின் கொள்கை.

கி.பி. 17-ல் ஆசியா மாகாணத்தில், இன்றைய துருக்கியில், ஒரே இரவில் பூகம்பம் வந்து 12 நகரங்களை இடித்தது. சார்டிஸ் நகரத்துக்கு மட்டும் 25 லட்சம் தினாரியஸ் உதவி கொடுத்தான். ஐந்து ஆண்டுகளுக்கு வரியையும் தள்ளிவிட்டான். கருமி என்று பெயர் வாங்கியவன், ஆபத்து வந்தபோது கையை மூடவில்லை.

நகைக்காகப் போன வெள்ளி

இனிமேல்தான் நம் ஊர் கதைக்குள் வருகிறது.

ரோமாபுரிச் சீமான்கள் ஆடம்பரத்தில் மூழ்கிக் கிடந்தார்கள். வகை வகையான விருந்து. பட்டும் மெல்லிய துணியும். பெண்களின் காதிலும் கழுத்திலும் முத்தும் ரத்தினக் கல்லும்.

கி.பி. 22-ல் இந்த ஆடம்பரத்துக்குச் சட்டம் போட வேண்டும் என்று பேச்சு வந்தது. திபேரியஸ் சபைக்கு ஒரு கடிதம் எழுதினான். பெண்களின் கல் நகைகளுக்காக நம் நாட்டுப் பணம் அயல் நாடுகளுக்குப் போகிறதே என்று அதில் வருத்தப்பட்டான். ஆனாலும் சட்டம் போட மறுத்துவிட்டான். ஆசையைச் சட்டத்தால் அடக்க முடியாது. அவரவர் மனம் திருந்த வேண்டும் என்பது அவன் எண்ணம்.

அந்தப் பணம் எங்கெங்கோ போனது. அதில் ஒரு பங்கு வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று நம் கொங்கு நாடு!

காங்கயம் பக்கத்துப் படியூரில் பெரில் என்னும் கடல் நிறக் கல் கிடைத்தது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் கல்லை அறுத்து, துளையிட்டு, மணியாகச் செய்யும் பட்டறைகள் இருந்தன. சங்க நூலான பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று சொல்லப்படும் ஊர் இதுதான் என்கிறார்கள் அறிஞர்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-ல் தொடங்கி அங்கே அகழாய்வு நடத்தியது. பெரில், பளிங்கு, சூதுபவளம் ஆகிய கற்களில் செய்த மணிகள் வெளிவந்தன. பாதி வேலையில் நின்றுபோன மணிகளும் கிடைத்தன. இரும்பு உருக்கிய உலைகளும் தென்பட்டன.

பெரில் கல் இந்தியாவில்தான் விளைகிறது. வேறு இடங்களில் அபூர்வம் என்று பிளினி என்ற ரோமாபுரி அறிஞரே எழுதி வைத்திருக்கிறார்.

யவன வணிகர்கள் எகிப்தில் இருந்து செங்கடல் வழியாகப் புறப்படுவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கப்பலை நேராக நம் மேற்குக் கரைக்குத் தள்ளிவிடும். முசிறித் துறைமுகத்தில் சரக்கு இறங்கும். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே உள்நாட்டுப் பாதை. வெள்ளலூர், நொய்யல் கரை, கொடுமணல், கரூர் என்று அது நீளும். சோமனூர் வட்டாரமும் அந்த வழியில்தான் இருக்கிறது. கரூர் சேர மன்னர்களின் தலைநகரமான வஞ்சி என்பது பலர் கருத்து.

வணிகர்கள் மிளகு வாங்கினார்கள். முத்து வாங்கினார்கள். மெல்லிய பருத்தித் துணி வாங்கினார்கள். கல் மணி வாங்கினார்கள். பதிலுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுத்தார்கள். வருடந்தோறும் இந்தியாவுக்குப் போகும் பணம் ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்று பிளினி கணக்குச் சொன்னார். அது ஒன்றேகால் கோடி தினாரியசுக்குச் சமம்.

திபேரியஸ் எந்தப் பணத்துக்காக வருந்தினானோ, அதில் ஒரு பிடிதான் வெள்ளலூரிலும் கத்தாங்கண்ணியிலும் கிடைத்தது.

நிழலாக வந்த எமன்

காசில் உறுதியாக இருந்தவன், மனிதர்களை அளப்பதில் தவறினான்.

அரண்மனைக் காவல் படைக்குத் தலைவன் செஜானஸ். சக்கரவர்த்தி சொல்லும் முன்னே காரியத்தை முடிப்பவன். திபேரியஸ் அவனை முழுக்க நம்பினான். கி.பி. 23-ல் திபேரியசின் ஒரே மகன் துரூசஸ் இறந்தான். நோய் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கி.பி. 26-ல் ஒரு குகை மண்டபத்தில் விருந்து நடந்தது. திடீரென்று மேலிருந்து பாறைகள் சரிந்தன. பணியாட்கள் ஓடினார்கள். செஜானஸ் ஓடவில்லை. திபேரியசின் மேல் கவிழ்ந்து, தன் உடம்பால் மறைத்து அவனைக் காப்பாற்றினான். அதன் பிறகு அவன் வைத்ததுதான் சட்டம்.

மறு ஆண்டு திபேரியஸ் காப்ரி என்ற சிறு தீவில் குடியேறினான். அதன்பின் சாகும் வரை ரோமாபுரி நகரத்துக்குள் அவன் காலடி வைக்கவே இல்லை. ஊரில் செஜானசின் ராஜ்யம். ராஜத் துரோகம் என்று யார்மேல் வேண்டுமானாலும் வழக்கு வந்தது. காட்டிக்கொடுத்தவனுக்குப் பரிசு. பிடிபட்டவனுக்கு மரணம்; அவன் சொத்து பறிமுதல்.

தாய் லிவியா கி.பி. 29-ல் இறந்தாள். தாய்க்கும் மகனுக்கும் பல ஆண்டுகளாகவே மனத்தாங்கல். வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி நாள் கடத்தினான். கடைசி வரை தாயின் சாவுக்கு அவன் போகவில்லை. காசிலே ஒரு பக்கம் மகன், மறுபக்கம் தாய். வாழ்க்கையிலும் அப்படியே முதுகு காட்டி நின்றார்கள்!

செஜானஸ் தன் சிம்மாசனத்துக்கே குறி வைக்கிறான் என்பது கி.பி. 31-ல்தான் திபேரியசுக்கு எட்டியது. சபைக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினான். தனக்குப் புதுப் பதவி வருகிறது என்று செஜானஸ் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருந்தான். கடிதத்தின் முடிவில் அவனைக் கைது செய்யும்படி உத்தரவு இருந்தது. அன்றே அவன் கதை முடிந்தது.

அடுத்து ஓர் இடி. செஜானசின் பழைய மனைவி ஒரு கடிதம் எழுதிவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டாள். மகன் துரூசஸ் நோயால் சாகவில்லை. செஜானஸ்தான் விஷம் வைத்துக் கொன்றான் என்பது அந்தக் கடிதத்தின் செய்தி. எட்டு ஆண்டுகள் மகனைக் கொன்றவனையே தோழனாக வைத்திருந்திருக்கிறான் தகப்பன்!

அதன் பிறகு திபேரியஸ் யாரையும் நம்பவில்லை. எல்லார்மேலும் சந்தேகம். எங்கே பார்த்தாலும் தண்டனை. விப்சானியாவைப் பின்னர் மணந்துகொண்டவன் காலஸ் என்ற பிரபு. அவனும் சிறைப்பட்டு, பட்டினியில் மாண்டான்.

வெள்ளிப் பஞ்சம்

கி.பி. 33-ல் ரோமாபுரியில் ஒரு விசித்திரமான பஞ்சம் வந்தது. அது பணப் பஞ்சம்.

வட்டித் தொழிலைக் கட்டுப்படுத்தும் பழைய சட்டம் ஒன்றைத் திடீரென்று அமலாக்கினார்கள். கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கடன்பட்டவர்கள் நிலத்தை விற்க ஓடினார்கள். வாங்க ஆள் இல்லை. நில விலை சரிந்தது. பெரிய குடும்பங்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தன.

ஊரில் ஏன் வெள்ளி இல்லை? தண்டனை பெற்றவர்களின் சொத்தை விற்ற பணம் எல்லாம் அரசாங்கப் பொக்கிஷத்தில் போய் அடைந்து கிடந்ததும் ஒரு காரணம். சக்கரவர்த்தியின் சந்தேகம் மனிதர்களை மட்டும் அடைக்கவில்லை. வெள்ளியையும் அடைத்து வைத்துவிட்டது.

நிலைமையை உணர்ந்த திபேரியஸ் பொக்கிஷத்தைத் திறந்தான். இரண்டரைக் கோடி தினாரியசுக்குச் சமமான பணத்தை எடுத்துக் கடன் கொடுக்கச் சொன்னான். மூன்று ஆண்டுகளுக்கு வட்டி கிடையாது. வாங்கும் கடனைப் போல இரண்டு பங்கு மதிப்புள்ள நிலத்தை ஈடாகக் காட்டினால் போதும். வெள்ளி வெளியே வந்ததும் வியாபாரம் மூச்சு விட்டது. இன்று ஒரு பாங்கி நொடிந்தால் அரசாங்கம் கைகொடுக்கிறதே, அந்த வேலையை அவன் அன்றே செய்தான்.

அழ ஆள் இல்லாத சாவு

கி.பி. 37 மார்ச்சு 16-ந் தேதி திபேரியஸ் இறந்தான். வயது 77. படுக்கையில் மூச்சுத் திணறடித்துக் கொன்றார்கள் என்றும் அப்போது பேச்சு உலவியது.

செய்தி கேட்டு ரோமாபுரி மக்கள் அழவில்லை. தெருவுக்கு வந்து கூத்தாடினார்கள். அவன் உடலை ஆற்றில் எறிய வேண்டும் என்று கூச்சல் போட்டவர்களும் உண்டு.

அவன் விட்டுப்போன பொக்கிஷம் 270 கோடி செஸ்டர்ஸ். தினாரியஸ் கணக்கில் 67 கோடியே 50 லட்சம். அடுத்துப் பட்டத்துக்கு வந்த கலிகுலா அதை ஒரே ஆண்டுக்குள் இறைத்துவிட்டான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 23 ஆண்டுகள் கட்டிக் காத்த பணம் போன இடம் தெரியவில்லை!

எடை தவறாத காசு

திபேரியஸ் இறந்த பிறகு நடந்ததாகப் பிளினி ஒரு செய்தி சொல்கிறார். கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்தில் ரோமாபுரிக் கப்பல் ஒன்று காற்றில் அடிபட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்தவனிடம் இருந்த வெள்ளிக் காசுகளை இலங்கை மன்னன் பார்த்தான். வெவ்வேறு ராஜாக்களின் முகம் போட்டவை. ஆனால் நிறுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே எடை! இவ்வளவு நேர்மையானவர்களா என்று வியந்த மன்னன், ரோமாபுரிக்குத் தூதர்களை அனுப்பினான்.

இதன் அருமை சோமனூர்க்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். நாற்பதாம் நம்பர் நூல் என்று சீட்டு ஒட்டியிருந்தால் உள்ளே நாற்பதாம் நம்பர் நூல்தான் இருக்க வேண்டும். ஒரு முறை மாறினால் தறியில் துணி கெடும். இரண்டாம் முறை அந்த மில் நூலை யாரும் தொட மாட்டார்கள். காசும் அப்படித்தான்.

கி.பி. 64-ல் நீரோ சக்கரவர்த்தி தினாரியசின் எடையைக் குறைத்தான். வெள்ளியிலும் கலப்படம் செய்தான். நம் நாட்டில் கிடைக்கும் ரோமாபுரி வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை அதற்கு முன்பு அடித்தவை. நம் வணிகர்கள் எடை பார்த்து, உரைத்துப் பார்த்து, பழைய நல்ல காசையே விரும்பி வாங்கினார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். எழுத்துப் புரியாத ஊரில், ராஜாவின் பேர் தெரியாத ஊரில், அந்தக் காசு செல்லுபடி ஆனதற்குக் காரணம் அதன் சுத்தம்தான்.

உருக்கினால் போயிற்று!

வெள்ளலூர்க் குவியலில் அகஸ்டஸ் இருந்தான். அவன் மகன் என்று எழுதிய திபேரியஸ் இருந்தான். லிவியா என்று சொல்லப்படும் பெண்ணும் இருந்தாள். பிரிந்து வாழ்ந்த குடும்பம் நம் மண்ணுக்குள் ஒன்றாகக் கிடந்தது.

புதைத்தது யார்? ஏதோ ஒரு வணிகன், ஏதோ ஒரு பயத்தில், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மண்ணுக்குள் வைத்திருப்பான். அவன் திரும்பி வரவில்லை.

இன்றும் கிணறு வெட்டும்போதும், தோட்டம் உழும்போதும், அஸ்திவாரம் தோண்டும்போதும் பழங்காசு கிடைக்கலாம். கிடைத்தால் தட்டாரிடம் கொடுத்து உருக்கிவிடக் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைப் பற்றிக் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். உருக்கினால் ஒரு குழந்தையின் கால் கொலுசுக்குக்கூட ஒரு காசு காணாது. உருக்காமல் வைத்தால் 2,000 ஆண்டு வரலாறு பேசும்.

திபேரியஸ் பொக்கிஷத்தைப் பூட்டிப் பூட்டி வைத்தான். பூட்டியது எல்லாம் போயிற்று. போகிறதே என்று வருந்திய வெள்ளிதான் நின்றது. தன் ஊராரிடம் நல்ல பேர் வாங்காத அந்த மன்னனின் காசுக்கு, அவன் கண்ணால் காணாத கொங்கு நாட்டில் கடைசி வரை நல்ல பேர் இருந்தது. காரணம், அதன் எடை குறையவில்லை.